8-4ன்னு எழுதினது ஒரு குத்தமா?

பிக்னிக் சார்ட் விவகாரத்தை மறுபடி முதல்ல இருந்து சொல்லப் போறதில்லை. போட்டோ மூணு நாளா எல்லா குரூப்லயும் சுத்துது. சிகாகோல இருக்கிற என் மச்சினி வரைக்கும் போய், "என்ன அத்தான், ஊரை விட்டு ஒதுக்கி வச்சுட்டாங்களாமே"ன்னு போன் பண்ணி விசாரிச்சாச்சு. ஆக, ஹோம்ஸ் லேக் பூங்காவுல நடந்தது நெப்ராஸ்கா மாநிலம் லிங்கன்ல இருக்கிற தமிழ் ஜனம் மொத்தத்துக்கும் தெரியும். தெரியாதவங்க புண்ணியவான்கள், இப்படியே தள்ளிவிட்டுட்டுப் போயிடலாம்.

பிக்னிக்ல ஒரு சார்ட் மாட்டினாங்க. 2025 சீசன்ல நெப்ராஸ்கா யுனிவர்சிட்டி அமெரிக்கன் ஃபுட்பால் அணி ஆடப்போற பன்னெண்டு ஆட்டத்துல எத்தனை வெற்றி, எத்தனை தோல்வின்னு எழுத ஆளுக்கொரு கட்டம். அவங்கவங்க கணிப்பை எழுதச் சொன்னாங்க, எழுதினேன். 10-2 போட்டவங்கதான் அதிகம். 11-1 ரெண்டு பேர். 12-0 போட்ட தம்பிக்குக் கைதட்டல், கூடவே ரெண்டாவது கப் பாயசம். நான் 8-4 போட்டேன். என் கட்டத்துக்கு மட்டும் சிவப்பு மார்க்கர்ல வட்டம், பக்கத்துல "துரோகி"ன்னு எழுத்து, அதுக்குப் பக்கத்துல ஒரு சிரிக்கிற பொம்மை. சிரிக்கிற பொம்மை போட்டுட்டா யாரையும் எதுவும் சொல்லலாம்ங்கிறதுதான் இப்ப சட்டம் போல.

நானும் சிரிச்சேன். எல்லாரும் பாத்தீங்க, சிரிச்சேன்தானே? வீட்டுக்கு வந்தப்புறம்தான் முடியலை.

சொல்ல வந்தது ஒண்ணுதான். நெப்ராஸ்காவுக்கு இந்த வருஷம் 8-4 வந்தா அது நல்ல வருஷம். "சுமார்" இல்லை, "பரவாயில்லை" இல்லை, நல்ல வருஷம்.

போன சீசன், அதாவது 2024, 6-6ல முடிஞ்சது. யாங்கீ ஸ்டேடியத்துல பின்ஸ்ட்ரைப் பவுல் ஆட்டத்துல (பவுல்னா சீசன் முடிஞ்சப்புறம், பொதுவா ஆறாவது ஜெயிச்ச அணிகளுக்குக் கிடைக்கிற ஆட்டம்) பாஸ்டன் காலேஜை 20-15ன்னு ஜெயிச்சதால 7-6 ஆச்சு. அதுக்கே நம்மள்ல பாதிப் பேர் டிவி முன்னால கண்ணைத் துடைச்சோம். ஏன்னா 2017ல இருந்து 2023 வரைக்கும் ஏழு வருஷம் ஒரு பவுல் ஆட்டம்கூட ஆடலை. ஒன்பது வெற்றியைக் கடைசியாப் பாத்தது 2016ல. கான்ஃபரன்ஸ் (லீக்) பட்டம் கடைசியா வாங்கினது 1999ல. தரவரிசையில இருக்கிற ஓர் அணியைக் கடைசியா ஜெயிச்சது 2016 செப்டம்பர்ல, ஒரெகனை. மினசோட்டாவை 2018க்கு அப்புறம் ஜெயிச்சதே இல்லை. அயோவாகிட்ட 2023லயும் 2024லயும் 13-10ன்னு தோல்வி, ரெண்டு தடவையும் கடைசி நொடி ஃபீல்ட் கோல், அதாவது கம்பத்துக்கு நடுவுல உதைச்ச மூணு பாயின்ட். அதே ஸ்கோர், அதே வயித்தெரிச்சல். இந்த லட்சணத்துல நாம தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் ஆட்டத்துக்கு ஹோட்டல் எங்க போடலாம்னு பேசிட்டிருக்கோம். கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதைதான்.

உடனே ஒருத்தர் வருவார், தெரியும். "கோச் மேட் ரூலுக்கு இது மூணாவது வருஷம் அண்ணே!" வாய்ப்பாடு மாதிரி எல்லாரும் ஒப்பிக்கிறாங்க: ரூல் முன்னாடி கோச்சா இருந்த டெம்பிள் யுனிவர்சிட்டில முதல் மூணு வருஷம் 2-10, 6-6, அப்புறம் 10-4. பேய்லர்ல 1-11, 7-6, அப்புறம் 11-3. சரிங்க, பிரமாதம். ஆனா டெம்பிள் ஆடினது நம்ம பிக் டென் கான்ஃபரன்ஸ்ல இல்லை. (அதே டெம்பிள் 2015ல பிக் டென் அணியான பென் ஸ்டேட்டை 27-10ன்னு அடிச்சாங்களேன்னு கேக்காதீங்க. தெரியும்.) மூணாம் வருஷம் தானா ஜெயிக்கும்னா கோச் எதுக்கு, காலண்டர் போதுமே. "ஒஹாயோ ஸ்டேட்டும் ஒரெகனும் இந்த வருஷம் நம்ம பட்டியல்லயே இல்லையே"ங்கிறாங்க. இல்லைதான். அதனாலதான் 8 போட்டேன். இருந்திருந்தா 6 போட்டிருப்பேன், எனக்குப் பாயசத்தோட சாப்பாடும் கட்டாகியிருக்கும்.

"இந்தியானா ஒரே வருஷத்துல 3-9ல இருந்து 11-1க்குப் போகலையா?" போனாங்க. போற வழியில நம்மளையும் 56-7ன்னு மிதிச்சுட்டுத்தான் போனாங்க. இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அடுத்த கேள்வி.

நான் இந்த ஊருக்கு வந்தது 2003 ஆகஸ்ட்ல, எம்.எஸ். படிக்க. திண்டுக்கல்ல இருந்து ரெண்டு பெட்டியோட வந்தவனுக்கு ஃபுட்பால்னா கால்ல உதைக்கிறது. கீழ் வீட்டுல இருந்த வீட்டுக்காரப் பெரியவர்தான் முதல்முதல்ல மெமோரியல் ஸ்டேடியத்துக்குக் கூட்டிட்டுப் போனார். அவர் மனைவிக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது, அந்த டிக்கெட் எனக்கு வந்தது. சிவப்பு ஸ்வெட்டர் ஒண்ணும் கொடுத்தார். உள்ள போய் நின்னா எண்பதாயிரம் பேர், எல்லாரும் சிவப்பு. பழனி தைப்பூசத்துல மட்டும்தான் அப்படிக் கூட்டம் பாத்திருக்கேன். 1962 நவம்பர்ல இருந்து ஒரு ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மிஞ்சினதில்லைன்னு பெருமையாச் சொன்னார்.

அந்த வருஷம் அணி 9-3. நவம்பர் கடைசியில கொலராடோவை அவங்க ஊர்லயே ஜெயிச்சுட்டு வந்தாங்க. மறுநாள் கோச் ஃபிராங்க் சோலிச்சை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. 58 வெற்றி, 19 தோல்வி, அவரைத்தான். அணியைச் சராசரி ஆக விடமாட்டேன்னார் யுனிவர்சிட்டியோட அப்போதைய விளையாட்டு இயக்குநர் ஸ்டீவ் பீடர்சன். அடுத்த வருஷம் என்ன ஆச்சு? 5-6. 1961க்கு அப்புறம் முதல் தோல்வி சீசன். 35 வருஷமா விடாமப் போன பவுல் ஆட்டமும் போச்சு. அதுக்கு மூணு வருஷம் கழிச்சு கன்சாஸ்கிட்ட 76 பாயின்ட் வாங்கிக் கட்டிக்கிட்டோம். சராசரிகூட இல்லைங்க அது.

பாடம் படிச்சோமா? பின்னால வந்த கோச் போ பெலினி ஏழு வருஷம் இருந்தார், ஒரு வருஷம்கூட ஒன்பது வெற்றிக்குக் கீழ போகலை. அவர் வாய் சரியில்லை, ஒத்துக்கிறேன். பெரிய ஆட்டங்கள்ல விழுந்தார், அதையும் ஒத்துக்கிறேன். 2014ல 9-3, வீட்டுக்குப் போன்னுட்டோம். "ஒன்பது போதாது"ன்னு அன்னிக்குக் கத்தினவங்கள்ல நானும் ஒருத்தன். இதை எங்கயும் சொன்னதில்லை, இப்பச் சொல்றேன். அதுக்கப்புறம் வந்த பத்து சீசன்ல, போன வருஷம் வரைக்கும் சேர்த்து, ஒன்பது வெற்றி ஒரே ஒரு தடவை.

இதெல்லாம் தெரிஞ்சவன் 8-4 போட்டா துரோகி.

அப்புறம் 2018. ஸ்காட் ஃபிராஸ்ட் கோச்சா வந்தார். 1997ல தேசியப் பட்டம் வாங்கின அணியோட குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துறவர்), நம்ம மாநிலத்துப் பையன், சென்ட்ரல் ஃப்ளோரிடாவைத் தோல்வியே இல்லாம ஆட வச்சுட்டு வர்றார். ஊரே மணமேடை போட்டு வச்ச மாதிரி காத்திருந்தது. முதல் ஆட்டம் ஆக்ரன் அணியோட. என் பையனுக்கு அப்ப பத்து வயசு, முகத்துல சிவப்புச் சாயம் பூசிக் கூட்டிட்டுப் போனேன். ஒரு கிக்ஆஃப், அவ்வளவுதான். மின்னல். எல்லாரையும் உள்ள ஒதுங்கச் சொன்னாங்க. ஒதுங்கினோம். மணிக்கணக்கா நின்னோம். மழை விட்ட பாடில்லை. ராத்திரி ஆட்டமே ரத்துன்னுட்டாங்க. பையன் முகத்துச் சாயம் சட்டையெல்லாம் வழிஞ்சு, பாக்கப் பயமா இருந்தது. "அப்பா, இது ஜெயிச்ச கணக்கா தோத்த கணக்கா?"ன்னான். ரெண்டும் இல்லைடான்னேன். அதுக்கப்புறம் வரிசையா ஆறு தோல்வி. மொத்தக் கணக்கு 16-31ல வந்து நின்னப்ப, 2022 செப்டம்பர்ல, ஜார்ஜியா சதர்ன் கிட்ட நம்ம மண்ணுலயே 45-42ன்னு தோத்ததோட அவரையும் அனுப்பினோம்.

ஃபிராஸ்ட் மேல தப்பே இல்லைங்கலை. ஆனா அந்த ஆள் கால் வைக்கிறதுக்கு முன்னாடியே நாம சிலை செதுக்கிட்டோம். அதைத்தான் சொல்றேன், வேற எதையும் சொல்லலை.

"எதிர்பார்ப்பைக் குறைச்சா அணியும் குறைஞ்சுடும்." இதைச் சொன்னவர் நல்ல மனுஷர், மரியாதையாவே சொன்னார். மரியாதையாவே கேக்கறேன்: நம்ம பழைய கோச் டாம் ஆஸ்போர்ன் மேல எதிர்பார்ப்பு குறைவாவா இருந்தது? 1973ல பொறுப்பேத்தவர், முதல் அஞ்சு வருஷம் ஒக்லஹோமாவை ஜெயிக்க முடியலை. பிடுங்கல் தாங்காம 1978ல கொலராடோவுக்குக் கோச்சாப் போறதுக்கே யோசிச்சார். முதல் தேசியப் பட்டம் 1994ல, அதாவது 22வது சீசன்ல. நடுவுல 1984 ஆரஞ்சு பவுல்ல, சமன் பண்ணினாலே பட்டம் கைக்கு வர்ற நிலையில, ஜெயிச்சே ஆகணும்னு ரெண்டு பாயின்ட்டுக்குப் போய், மயாமிகிட்ட 31-30ன்னு தோத்தார். அன்னிக்கு ஃபேஸ்புக் இருந்திருந்தா ஆஸ்போர்ன் 1979லயே மளிகைக்கடை வச்சிருப்பார், நமக்கு 94ம் கிடையாது, 95ம் கிடையாது, 97ம் கிடையாது.

இன்னொரு கட்சி இருக்கு. "இப்பப் பசங்க காசு வாங்குறாங்க, அதனால திட்டலாம்." 2025 ஜூலையில இருந்து காலேஜே நேராச் சம்பளம் கொடுக்கலாம்னு ஆயிடுச்சு, ஒரு காலேஜுக்கு முதல் வருஷம் சுமார் ரெண்டு கோடி டாலர் வரைக்கும். வாங்கட்டும். காசு வாங்கினா காது கேக்காமப் போயிடுமா? டிலன் ராயோலா 2024ல நம்ம குவார்ட்டர்பேக்கா ஆட வந்தப்ப ஸ்கூல் முடிச்ச பையன். அவன் பந்தைப் பறிகொடுத்த ராத்திரி நம்ம குரூப்ல என்னென்ன எழுதினாங்கன்னு ஸ்க்ரீன்ஷாட் என்கிட்டயும் இருக்கு. போட மாட்டேன். எழுதினவங்க வீட்டுலயும் அதே வயசுல பிள்ளைங்க இருக்கு. என் வீட்டுல பதினேழு வயசுல ஒருத்தன் இருக்கான். கணக்குப் பரீட்சையில ரெண்டு மார்க் குறைஞ்சா கதவைச் சாத்திட்டு உள்ள போயிடறான். அவனை எண்பதாயிரம் பேர் நடுவுல நிறுத்தி, "நீதான்டா எங்க 1995"ன்னு சொன்னா என்ன ஆவான்? அவன் 1995ஐப் பாத்ததே இல்லை. ராயோலாவும் பாக்கலை. அவங்க பிறக்கிறதுக்குப் பத்து வருஷம் முன்னாடி நடந்ததை அவங்க தலையில கட்டி, தாத்தா காலத்து யானைக்கு இன்னிக்குச் சங்கிலி கேக்கறோம்.

எங்கயோ போயிட்டேன். 8-4க்கு வர்றேன்.

வரலை. உண்மையைச் சொல்லிடறேன், "துரோகி" எனக்கு வலிக்கலை. சார்ட்டைச் சுருட்டி வைக்கிறப்ப ஒரு தம்பி, இங்க வந்து நாலு வருஷம் ஆகுது, தோள்ல கை போட்டுச் சொன்னார்: "விடுங்கண்ணே, நீங்க கிரிக்கெட் ஆளு. இது உங்களுக்கு ரத்தத்துல இல்லை." சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. அவர் தப்பா நினைச்சுச் சொல்லலை, தெரியும். ஆனா இருபத்திரண்டு வருஷம் ஆச்சுங்க. இங்கிலீஷ் உச்சரிப்பை வச்சு இந்த ஊர்க்காரங்க யாரும் என்னை அப்படி ஓரம் கட்டினதில்லை. ஸ்டேடியத்து வாசல்ல, இந்தக் கதவு வழியாப் போறவங்கதான் காலேஜ் ஃபுட்பால்லயே மிகச் சிறந்த ரசிகர்கள்னு பொறிச்சு வச்சிருக்காங்க. அந்த வாசல்ல என் பூர்வீகத்தை யாரும் கேக்கலை. நம்ம ஆள்தான் கேட்டார்.

வீட்டுக்காரப் பெரியவரோட கடைசியாப் பாத்த ஆட்டம் 2023 அயோவா. அதை ஜெயிச்சிருந்தா ஆறு வெற்றி, பவுல் ஆட்டம் உறுதி. கடைசி நொடியில பந்து கம்பத்துக்கு நடுவுல போறப்ப அவர் என் கையைப் பிடிச்சிருந்தார். 1971லயும் 1995லயும் பட்டத்தைப் பாத்த மனுஷன். 2003ல என்கிட்ட, பத்து ஜெயிக்கலைன்னா சீசனே இல்லைன்னு சொன்னவர். அன்னிக்குப் படி இறங்கறப்ப, "ஆறு வந்தா போதும்பா, ஒரே ஒரு ஆறு"ன்னார். அடுத்த வருஷம், 2024 பிப்ரவரியில, போயிட்டார். அந்த ஆறாவது வெற்றி அதே வருஷம் நவம்பர்ல, விஸ்கான்சினை 44-25ன்னு அடிச்சப்ப வந்தது. ஜனங்க மைதானத்துக்குள்ள குதிச்சு ஓடினாங்க. நான் ஓடலை. பக்கத்து இடத்துல அவர் மகள் உக்காந்திருந்தா, அவளும் ஓடலை.

நான் போட்ட எட்டுல ரெண்டு அவருக்காகப் போட்டது. ஆறே போதும்னவர் கணக்குக்கு மேல ரெண்டு. அதைப் போய்க் குறைச்சல்னு வட்டம் போட்டீங்க.

12-0 வந்தா நான் சந்தோஷப்பட மாட்டேன்னு யாரும் நினைக்க வேண்டாம். அடுத்த பிக்னிக் பாயசச் செலவு முழுக்க என்னுது, எழுதியே தர்றேன். சார்ட்டை மட்டும் யாரும் தூக்கிப் போட்டுடாதீங்க, டிசம்பர்ல எனக்கு வேணும்.

ஆகஸ்ட் 28ம் தேதி கன்சாஸ் சிட்டியில சின்சினாட்டியோட ஆட்டம், அதுக்கு நான் வரலை, வீட்டுலதான். செப்டம்பர் 6 இங்க முதல் ஆட்டம். எதிர்ல யாருன்னு பாத்தீங்களா? ஆக்ரன். பையன் இந்தத் தடவை சாயம் பூச மாட்டேன்னுட்டான், வயசாயிடுச்சாம். ரெண்டு மழைக்கோட்டு எடுத்து வச்சிருக்கேன். வண்டியில ஒரு இடம் காலியா இருக்கு. அந்தத் தம்பிக்குச் சம்மதம்னா வீட்டு வாசல்லயே வந்து ஏத்திக்கிறேன்.