ஒரே ஒரு குவார்ட்டர்தான்

சென்ற வாரம் ஒரு துக்க வீட்டில் நின்றிருந்தேன். அப்பாவை இழந்த நண்பனை, சித்தப்பா முறையுள்ள ஒருவர் வீட்டுக்குப் பின்பக்கம் அழைத்துப் போனார். “பாவம், கொஞ்சம் உள்ளே போனால்தான் தாங்குவான்” என்று எனக்கும் ஒரு விளக்கம் தந்தார். அங்கிருந்த யாருக்கும் அது தவறாகப் படவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அந்த மருந்தை ஒன்பது ஆண்டுகள் சாப்பிட்டவன் நான்.

என்னை யாரும் குடிகாரன் என்று சொன்னதில்லை. வேலைக்கு ஒழுங்காகப் போனேன், தெருவில் விழுந்து கிடந்ததில்லை. வாரத்தில் மூன்று நாள், சில வாரம் நான்கு நாள், இரவில் ஒரே ஒரு குவார்ட்டர். அந்த ‘ஒரே ஒரு’வில்தான் ஏமாந்தேன். 180 மில்லி, 42.8 சதவீதம், கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 10 கிராம்தான் ஒரு ‘டிரிங்க்’. ஆக, நான் குடித்தது ஆறு.

பத்து மணிக்குப் படுத்தால் அடித்துப் போட்டதுபோல் தூக்கம் வரும். மூன்று மணிக்கு விழிப்பு தட்டிவிடும். நெஞ்சு படபடக்கும். என்றோ நாலு பேர் முன்னால் என்னைத் திட்டிய மேலாளர், தங்கை கல்யாணத்தில் நான் பேசிய கோணல் பேச்சு, அடைக்காத கடன் என்று எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். என் வாழ்க்கையே இதுதான் என்று நம்பினேன். அதை மறக்க அடுத்த குவார்ட்டர்.

பிற்பாடுதான் விவரம் புரிந்தது. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளுக்கு மது வலுச் சேர்க்கிறது; கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட்டை அடக்குகிறது. மூளை சும்மா இருக்குமா? ஈடுகட்ட எதிர்ப்பக்கம் தள்ளும். கல்லீரலோ மணிக்குப் பத்து கிராம் அளவுக்குத்தான் எரிக்கும். நள்ளிரவு தாண்டிப் போதை இறங்க இறங்க, அந்தத் தள்ளல் மட்டும் மிஞ்சுகிறது. படபடப்பும் காரணமில்லாத பயமும் அதன் வேலை. மூன்று மணிக்கு அந்த மேலாளரை அனுப்பிவைத்ததே குவார்ட்டர்தான்.

மனச்சோர்வு என்று நானே முடிவு கட்டிக்கொண்டு மனநல மருத்துவரிடம் போனேன். குடிப்பீர்களா என்றார். “எப்போதாவது.” விடவில்லை. “போன வாரம் எந்தெந்த நாள்?” என்றார். விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். மாத்திரை எழுதவில்லை. “நான்கு வாரம் தொடாமல் இருந்துவிட்டு வாருங்கள். அப்புறம் மிச்சம் எவ்வளவு என்று பார்ப்போம்.” காசு கொடுத்து வந்தவனுக்கு உபதேசமா என்று எனக்குக் கோபம். ஆனால் குடியை விட்ட சில வாரங்களிலேயே பலருக்கு மனச்சோர்வு பெருமளவு வடிந்துவிடுவது 1980களிலேயே மருத்துவ ஆய்வுகளில் பதிவான விஷயம்.

முதல் இரண்டு வாரமும் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். மூன்றாம் வாரத்தில் ஒருநாள் கண் விழித்தபோது மணி ஐந்தரை. பால் பாக்கெட் போடும் சத்தம் கேட்டது. மேலாளர் வரவில்லை.

எல்லாம் மறைந்துவிட்டது என்று கதை விட மாட்டேன். கொஞ்சம் சோர்வு மிஞ்சியது. அது நோய், அதற்கு மாத்திரை சாப்பிட்டேன். குடித்துக்கொண்டே அதைச் சாப்பிட்டிருந்தால் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

கவலையால் குடிக்கிறான் என்பது பாதி உண்மை. முதல் குவார்ட்டருக்குக் கவலை காரணமாக இருக்கலாம். நூறாவதுக்குக் காரணம் தொண்ணூற்றொன்பதாவது. இன்னொன்றும் உண்டு: சோர்ந்த மனதை விபரீத முடிவிலிருந்து தடுத்து வைத்திருப்பது பல நேரம் ஒரு சிறு தயக்கம். மது முதலில் கழற்றுவது அதைத்தான். துக்க வீட்டில் ஊற்றிக் கொடுக்கும் சித்தப்பாக்கள் இதை யோசிப்பதில்லை.

தினமும் குடிப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே திடீரென்று நிறுத்த வேண்டாம். கை நடுக்கத்தில் தொடங்கி வலிப்பு, சித்தபிரமை வரை போகலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள். டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவி எண் 14416, அரசினுடையது, இலவசம், தமிழில் பேசலாம்.

நண்பனுக்கும் அந்த எண்ணை நேற்று அனுப்பினேன். “காரியம் முடியட்டும்” என்று பதில் போட்டிருக்கிறான்.