விளம்பரத்தை நிராகரிக்கிறீர்களே, எந்த வரி தப்பு என்று சொல்லித் தொலைங்களேன்!

அமெரிக்காவில் குற்றப் பின்னணிச் சரிபார்ப்புச் சேவைக்கு ஆன்லைனில் விளம்பரம் போட அனுமதி வாங்குவது இருக்கிறதே, தலைவலி! பதிவுச் சான்றில் நிறுவனப் பெயரோடு 'எல்எல்சி' (வரையறுத்த பொறுப்பு நிறுவனம்) என்று இருந்து விளம்பரக் கணக்கில் அது விடுபட்டால்கூட நிறுவனச் சரிபார்ப்பு சிக்கலாகும்.

அதைத் தாண்டினால் வாசகத் தகராறு. வேலைக்கோ வாடகைக்கோ ஆளைப் பார்க்கத் தரும் அறிக்கை என்றால் 1970-ஆம் ஆண்டின் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் வந்துவிடும். வேலைக்கென்றால், தனித் தாளில் முன்னறிவிப்பு, எழுத்துமூலச் சம்மதம், விண்ணப்பித்தவரை நிராகரிக்கும் முன் அவருக்கு அறிக்கையின் நகல் எல்லாம் வேண்டும். தண்டனையில் முடியாத பழைய கைதுகளைப் பொதுவாக 7 ஆண்டுக்கு மேல் காட்டவும் கூடாது. இதெல்லாம் முடியாதென்று "வேலைக்குப் பயன்படுத்தாதீர்" எனப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டுவிட்டு, 'பணியாளர் சரிபார்ப்பு' என்ற தேடல்சொல்லுக்கே காசு கட்டுகிறார்கள். அது எடுபடாது. ஆட்களின் விவரங்களைத் திரட்டி மனிதவளத் துறையினரிடம் விற்ற ஸ்போக்கியோ நிறுவனம் 2012-இல் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துக்கு 8 லட்சம் டாலர் கட்டியது.

விதி இருக்கட்டும், நியாயம்தான். வெறும் போக்குவரத்து அபராதத்தைக் குற்றப் பதிவு போலக் காட்டி ஆள் பிடித்ததாகவும் இப்படிப்பட்ட நிறுவனங்கள்மீது 2023-இல் வழக்கு வந்ததே! ஆனால் விளம்பரத் தளம் அனுப்பும் மறுப்பு அஞ்சலில் "கொள்கை மீறல்" என்பதோடு நிறுத்திக்கொள்வது என்ன பழக்கம்? தப்பு தலைப்பிலா, தேடல்சொல்லிலா, விளம்பரத்தைத் தட்டினால் திறக்கும் இறங்கு பக்கத்திலா? ஒவ்வொன்றாக மாற்றி மேல்முறையீடு செய்ய வேண்டியதுதான். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், எது தப்பென்று கடைசிவரை தெரியாது.