வாயுவாகவே இருந்துவிட்டுப் போகட்டும்

சரி, அன்றைக்கு ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டபோது நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக் "கூத்தடித்ததாக" இன்னும் பேசிக்கொண்டிருப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில். ஆமாம், கூப்பிட்டது நான்தான். ஆமாம், மாரடைப்பு இல்லை என்றுதான் சொன்னார்கள். நாளைக்கே இன்னொருவர் அப்படி உட்கார்ந்தாலும் கூப்பிடத்தான் போகிறேன்.

அவர் எப்படி இருந்தார் என்று பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும். சட்டைக் காலர் நனைந்து போயிருந்தது, நெற்றியைத் தொட்டால் சில்லென்று இருந்தது. நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு, தாடையை அசைத்து அசைத்துப் பார்த்தார். "ஒண்ணுமில்ல, வாயுப் பிடிப்பு" என்று அவரே சொன்னார். சுற்றி நின்றவர்களுக்கு அது போதுமாக இருந்தது. நெஞ்சில் பாரம், தாடைக்கும் தோளுக்கும் முதுகுக்கும் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குவது, குமட்டல். இதெல்லாம் வாயுவா மாரடைப்பா என்று பிரித்துச் சொல்ல மருத்துவருக்கே ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் வேண்டியிருக்கிறது. உங்களுக்கு மட்டும் முதுகைத் தடவிவிட்டாலே தெரிந்துவிடுகிறது!

"ஈசிஜி நார்மல்தானே, வீண் செலவு" என்கிறார்கள். முதல் ஈசிஜி நார்மலாக இருந்தும் மாரடைப்பு இருக்கலாம். அதனால்தான் மறுபடி எடுக்கிறார்கள், சில மணி நேரம் விட்டு, இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் அளவைத் திரும்பவும் பார்க்கிறார்கள். செலவு பற்றி அவர் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவதெல்லாம் காலணா கொடுக்காதவர்கள்.

"இப்படிப் பயந்தா வாழவே முடியாது" என்கிறவர்களுக்குப் பதில் கிடையாது. வாழுங்கள்.

என் கோபத்துக்குக் காரணம் சித்திக்கு நடந்தது. ஒரு சாயங்காலம் பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு நாக்கு குழறியது, கையிலிருந்த டம்ளர் நழுவியது. வாய் ஒரு பக்கம் லேசாக இழுத்திருந்ததாம், பார்த்தவர்களே பிறகு சொன்னார்கள். "அசதி, தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று படுக்க வைத்துவிட்டார்கள். விடியும்வரை யாரும் எழுப்பவில்லை. வந்திருந்தது பக்கவாதம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால், அந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. அதுவும் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததிலிருந்து அல்ல, கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. அதற்குள் ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்தாக வேண்டும். சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடக் குழாய் செலுத்திக் கட்டியை எடுக்க முடிகிறது. சித்திக்கு முடியவில்லை. இன்று என் பெயரைச் சொல்ல நினைத்து, வராமல், என் கையைத் தட்டுகிறாள்.

இப்படிப் பக்கவாத அறிகுறி வந்து கொஞ்ச நேரத்தில் தானாகப் போய்விட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து அடுத்த இரண்டு நாளில்தான் அதிகம்.

இதையும் சொல்லிவிடுகிறேன், யாருக்கு வலித்தாலும் சரி. அதே வீட்டில் சித்தப்பா நாலு முறை தும்மினால் வீடே இரண்டாகும். சித்தி முடியவில்லை என்றால் அது "அசதி". பெண்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெரிய நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். வெறும் மூச்சுத் திணறல், மேல்வயிற்றில் ஒரு சங்கடம், காரணம் தெரியாத களைப்பு, அவ்வளவுதான். அதைச் சொல்லும் பெண்ணுக்கு நம் வீடுகளில் கிடைக்கும் பதில் என்ன? "எப்பப் பாரு ஏதாவது சொல்லிக்கிட்டே இரு." அவளும் சொல்வதை நிறுத்திவிடுகிறாள். அன்று உட்கார்ந்திருந்தது ஒரு அம்மாவாக இருந்திருந்தால் நான் "கூத்தடிக்கும்" அளவுக்குக்கூட விஷயம் வந்திருக்காது. அந்த அம்மா வாயே திறந்திருக்க மாட்டார்.

அப்புறம், பக்கவாதம் வந்தால் விரல் நுனியில் ஊசியால் குத்தச் சொல்லும் ஃபார்வர்டையும், இருமியே மாரடைப்பை நிறுத்தச் சொல்லும் ஃபார்வர்டையும் கமெண்டில் கொண்டுவந்து போடாதீர்கள். பிளாக் செய்வேன். உறவுமுறையெல்லாம் பார்க்க மாட்டேன்.