கூழுக்குப் பயப்படாதீர்கள்

கொழும்பில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு நட்சத்திர ஹோட்டலின் உணவகத்துக்குக் கடந்த வாரம் குடும்பத்தோடு போயிருந்தோம். திறந்து சில வாரங்களே ஆன இடம். குறைகளையும் எழுதப் போவதால் பெயரைத் தவிர்க்கிறேன். இப்போதுதான் காலூன்றுகிற ஓர் இடத்தைப் பெயர் சொல்லி அடிப்பதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் அங்கே கண்டதைப் பேசியே ஆகவேண்டும். அது அந்த ஒரு சமையலறையோடு முடிகிற விடயமில்லை.

முதலில் மகிழ்ச்சியான செய்தி. உணவுப் பட்டியலில் இத்தாலியப் பாஸ்டாவுக்கும் ஜப்பானிய சுஷிக்கும் பக்கத்தில், அவற்றுக்குச் சமமாக, வடக்கின் சமையலுக்கு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். நண்டுக் கறி, ஒடியல் கூழ், கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய்க் குழம்பு, புட்டு, இடியப்பம், சொதி. பெரிய ஹோட்டல்கள் நம் சாப்பாட்டை இதுவரை அறியாமல் இருக்கவில்லை. யாழ்ப்பாண உணவுத் திருவிழா என்று அறிவித்து, வாசலில் வாழைமரம் கட்டி, பனையோலைத் தோரணம் தொங்கவிட்டுச் சில நாட்கள் பரிமாறுவார்கள். பிறகு தோரணத்தோடு சாப்பாடும் இறங்கிவிடும். விருந்தாளியாக வந்துபோன சமையல் இங்கே வீட்டுக்காரராக உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பார்த்தவுடன் எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்துவிட்டது.

இந்த நகரத்தில் ஹோட்டல் தொழிலுக்கு நீண்ட வரலாறு உண்டு. காலிமுகத்திடல் ஹோட்டல் 1864 இல் வந்தது. துறைமுகத்தின் எதிரே கிராண்ட் ஓரியண்டல் 1875 இல் வந்தது. கப்பலில் வந்திறங்கியவர்களின் நாக்குக்குச் சமைத்துத் தொடங்கிய தொழில் இது. அந்தப் பழக்கம் இலேசில் விடவில்லை. 2011 இல் பழைய ஒல்லாந்தர் மருத்துவமனைக் கட்டடத்தில் மினிஸ்ட்ரி ஒஃப் கிராப் என்ற நண்டு உணவகம் திறந்தபோது ஒரு மாற்றம் தெரிந்தது. சிங்கப்பூருக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்த நம் பெரிய களப்பு நண்டுகளை நம் ஊரிலேயே மேசையில் வைத்தார்கள். அதைத் தேடி வெளிநாட்டவர் வந்தார்கள். அதற்குப் பின் 2017 இல் ஷங்ரி-லா. 2019 உயிர்த்த ஞாயிறன்று மூன்று ஹோட்டல்களில் குண்டுகள் வெடித்தன. அடுத்துக் கொரோனா, அதையடுத்து 2022 பொருளாதார நெருக்கடி. நல்ல சமையற்காரர்கள் பலர் மாலைதீவுக்கும் மத்திய கிழக்குக்கும் போய்விட்டார்கள். 2024 இல் ஐ.டி.சி. ரத்னதீபவும் சினமன் லைஃபும் திறந்தன. அந்த ஆண்டில் சுற்றுலாப் பயணிகளின் வருகையும் மறுபடி 20 இலட்சத்தைத் தாண்டியது. இவ்வளவு அடிபட்ட ஒரு தொழில் எழுந்து நின்று புதிய சமையலறை திறக்கும்போது, அது நன்றாக நடக்கவேண்டும் என்றுதான் மனம் விரும்புகிறது.

நண்டுக் கறிக்கு வருகிறேன். சட்டி மேசைக்கு வருமுன்பே வறுத்த தூளின் வாசம் வந்துவிட்டது. கடையில் வாங்கிய தூளுக்கு அந்த வாசம் வராது. செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து இடித்திருக்கிறார்கள். நண்டின் கால்களைச் சமைப்பதற்கு முன்பே உலக்கையால் இலேசாகத் தட்டி ஓட்டை உடைத்திருந்ததால் குழம்பு உள்ளே இறங்கியிருந்தது. தட்டாமல் போட்டால் சதை ஒரு பக்கம், குழம்பு ஒரு பக்கம் என்று நிற்கும். புளி முன்னால் வரவில்லை; நாக்கின் ஓரத்தில் கடைசியாகத் தெரிந்தது. முதற்பாலை இறக்குவதற்குச் சற்று முன்தான் விட்டிருக்கவேண்டும், திரியவில்லை. முருங்கையிலையும் அப்படியே, பச்சை நிறம் மாறாமல் இருந்தது.

மாமி ஒரு வார்த்தை பேசவில்லை. கிடுக்கியை ஒதுக்கிவைத்துவிட்டுக் கையால் உடைத்து, ஓட்டில் தங்கிய குழம்பைப் புட்டின் மேல் ஊற்றிப் பிசைந்தார். யாழ்ப்பாணத்துக் கரையூரில் நண்டு வாங்கிச் சமைத்த கை அது. பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்து, "பெருஞ்சீரகம் சரியாக இருக்கிறது" என்றார். அவர் எந்தக் கடைச் சாப்பாட்டுக்கும் இவ்வளவு பெரிய நற்சான்று கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. சிவப்பரிசி மாப் புட்டும் உதிரியாக, தேங்காய்ப்பூ கணக்காகச் சேர்ந்து, குழம்பை வாங்கிக்கொள்ளும் பதத்தில் இருந்தது.

இவ்வளவு அழகாக நண்டு சமைத்த அதே கையா இந்தக் கூழையும் செய்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கூழ் ஒரு சிறிய கண்ணாடிக் குவளையில் வந்தது. மேலே தேங்காய்ப்பால் நுரை, விளிம்பில் செருகிய ஒற்றை இறால். உள்ளே வடிகட்டிய ஒரு நீர். பலாக்கொட்டை இல்லை, மரவள்ளி இல்லை, பயிற்றங்காய் இல்லை, மீன் தலை இல்லை, நண்டுக் கால் இல்லை. செத்தல் மிளகாயின் காரம் பேருக்கு. ஒடியலின் இலேசான கசப்பும் போய்விட்டது. பனங்கிழங்கைக் கிழித்து வெயிலில் காயவைத்து இடித்த மா அது. நீரில் ஊறவிட்டு வடித்துக் கசப்பைக் குறைக்கிறோம், முழுவதும் போக்கிவிடுவதில்லை. மிச்சம் நிற்கிற அந்தக் கசப்புதான் புளியையும் உறைப்பையும் மீன் இனிப்பையும் ஒன்றாகக் கட்டி வைக்கிறது. அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது மாக்கரைசல்.

பரிமாறிய தம்பியிடம் கேட்டோம். அவர் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, கெட்டியான கூழ் வெளிநாட்டு விருந்தினருக்குப் பிடிக்காது என்று சமையலறையில் கருதுவதாக மரியாதையோடு சொன்னார்.

இந்தக் கருத்தோடுதான் எனக்குச் சண்டை. பிரான்ஸின் மார்செய் நகரத்து மீன் சூப்பு, விற்க முடியாத முள்மீன்களை மீனவர்கள் தலையும் எலும்புமாக அவித்துக் குடித்ததில் தொடங்கியதாகச் சொல்வார்கள். இன்றைக்கு அதை விலையுயர்ந்த உணவகங்களில் அதே மீன் வாசத்தோடு பரிமாறுகிறார்கள். உலகம் வரிசையில் நின்று குடிக்கிறது.  நம் கூழும் கடற்கரைக் குடிசைகளில் பிறந்ததுதான். அன்று வலையில் என்ன விழுந்ததோ அது, வளவில் என்ன நின்றதோ அது, பனை தந்த மா. பெரிய பானையில் கொதிக்கவிட்டு, முற்றத்தில் சுற்றி உட்கார்ந்து, பனையோலைப் பிளாவில் வாங்கி, பலாவிலையைக் கோலிக் குடிப்பது. ஒருவர் தனியாக இருந்து குடிக்கிற உணவே அல்ல அது. அந்த உணவை ஒரு குவளைக்குள் அடக்கிய இடத்திலேயே பாதி செத்துவிட்டது. பன்னிரண்டு மணிநேரம் விமானத்தில் வந்த மனிதர் இந்த மண்ணின் ருசியை அறியத்தான் அந்தப் பக்கத்தைத் திறக்கிறார். அவருக்கு மண்ணைக் கழுவிவிட்டுக் கொடுப்பது உபசாரம் ஆகாது.

மற்றவை சுருக்கமாக. கத்தரிக்காய்ப் பால்கறி நன்று. வட்டிலப்பம் மிக நன்று, கித்துள் வெல்லத்தின் நிறமும் மணமும் குறையவில்லை. வடக்கின் பக்கத்தில் இனிப்பு ஒன்றும் இல்லை. பனங்கட்டி போட்ட ஒரு பாயாசம் இருந்திருக்கலாம். இசையின் சத்தம் அதிகம், மாமி சொல்வது எனக்குக் கேட்கவில்லை. இடியப்பத்தில் ஒரு சிக்கல்: குளிரூட்டி நேரே மேசை மேல் வீசுகிறது, தட்டும் சில்லென்ற பீங்கான். சொதி வந்து சேருவதற்குள் இடியப்பத்தின் ஓரங்கள் காய்ந்துவிட்டன. அவித்த தட்டோடு மூடிக் கொண்டுவந்தாலே இந்தக் குறை தீர்ந்துவிடும்.

உபசரிப்பைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். அந்தத் தம்பி பதுளைப் பக்கத்துப் பிள்ளை. நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டதும் அவரும் தமிழுக்கு மாறினார். மாமியின் பக்கம் குனிந்து, எந்தக் கறியில் எவ்வளவு உறைப்பு என்று ஒவ்வொன்றாக விளக்கினார். பெரிய ஹோட்டலுக்குள் நுழைந்தாலே குரலைத் தாழ்த்திக்கொள்ளும் தலைமுறை மாமியுடையது. அன்றைக்கு அவர் தன் வீட்டுக் குசினியில் பேசுவதுபோலப் பேசினார்.

பில்லைப் பற்றியும் சொல்லவேண்டும். பட்டியலில் இருக்கும் விலை நாம் கொடுக்கும் விலையில்லை. 10 வீதம் சேவைக் கட்டணம். 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாகிவிட்ட வற் வரி. இந்த இரண்டு மட்டுமே 10,000 ரூபாச் சாப்பாட்டை 12,800 க்குக் குறையாமல் கொண்டுபோய் நிறுத்தும். வரியைக் குறை சொல்லவில்லை, சேவைக் கட்டணத்தை மனமாரக் கொடுத்தேன். ஆனால் ஆசிரியச் சம்பளத்திலோ வங்கிச் சம்பளத்திலோ சேர்த்துவைத்து, அம்மாவையோ மாமியையோ ஒரு நல்ல நாளில் கூட்டிக்கொண்டு வருகிறவர்களும் அந்தப் பட்டியலைத்தான் பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள். முடிவான விலையை அச்சிடுவதில் ஹோட்டலுக்கு என்ன நட்டம்? அடியில் பொடி எழுத்தில் வரிகள் தனி என்று போடுவது அவர்களுக்குச் செய்கிற மரியாதையில்லை.

வெள்ளவத்தையில் இதில் கால்வாசிக் காசுக்கு வயிறார உண்ணலாமே என்று சிலர் கேட்பார்கள். உண்ணலாம், நானும் அங்கேதான் உண்கிறேன். ஆனாலும் நம் சமையல் சிறிய கடைக்கு மட்டும் உரியது, மலிவாக இருந்தால்தான் அது நம்முடையது என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. நல்ல நண்டுக்கும், வறுத்து இடித்த தூளுக்கும், அதை அறிந்த கைக்கும் விலை உண்டு. அந்த விலையை வாங்கிக்கொள்பவர்கள் உணவை முழுதாகத் தரவேண்டும் என்பதுதான் என் வாதம்.

போகுமுன் மேலாளரிடம் இவற்றைச் சொன்னேன். சனிக்கிழமை மதியங்களில் மட்டுமாவது, முன்கூட்டிச் சொல்பவர்களுக்கு, மேசைக்கு ஒரு பானை என்று கெட்டிக் கூழ் வையுங்கள் என்று கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். எத்தனை பேர் கேட்பார்கள் என்பதுதான் தங்கள் கேள்வி என்றார். ஆகையால் இந்த உணவகம் எது என்று ஊகித்துக்கொண்டு போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நண்டைத் தயங்காமல் எடுங்கள். இடியப்பத்தையும் சொதியையும் ஒன்றாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். பானைக் கூழ் எப்போது கிடைக்கும் என்று நீங்களும் கேளுங்கள், மீன் தலையோடு.