ரத்தப்போக்கோடு வருபவருக்கும் புரோபோஃபால்தானா?
டி அண்ட் சி, அதாவது கர்ப்பப்பை வாயை விரித்து உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்யும் சிறு அறுவைக்கான மயக்க மருந்துகள் பற்றிய கட்டுரை, "டி அண்ட் சி-க்கு இனி புரோபோஃபால் போதும், கெட்டமைன் காலாவதி" என்று முடிவதை ஏற்க முடியவில்லை. காலையில் வெறும் வயிற்றோடு வந்து மாலையே பெரம்பூருக்கோ பல்லாவரத்துக்கோ வீடு திரும்பும் பெண்ணுக்கு அது சரிதான்: கிலோவுக்கு 2 மி.கி., சில நிமிடங்களில் தெளிவான விழிப்பு, வாந்தியும் குறைவு. ஆனால் புரோபோஃபால் வலியைப் போக்காது. கர்ப்பப்பை வாயை விரிக்கும்போது நோயாளி காலை இழுப்பார், பதறி இன்னொரு டோஸ் ஏற்றுவார்கள், மூச்சு நின்றுபோகும். 2-3 நிமிடம் முன்பே கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் ஃபென்டனில் என்ற வலிநிவாரணியை மெதுவாகக் கொடுத்தால் இப்படிக் காலை இழுப்பது பெரும்பாலும் தவிர்க்கப்படும். கருச்சிதைவில் ரத்தம் கொட்டி, நாடி 120, பிரஷர் 90-க்குக் கீழே என்று நள்ளிரவில் 108-இல் வருபவர் விஷயமே வேறு. ரத்தக்குழாய்கள் இறுகியிருப்பதால்தான் அந்தப் பிரஷராவது நிற்கிறது. புரோபோஃபால் அதையும் தளர்த்திவிடும். முதலில் இரண்டு பெரிய வென்ஃப்ளான் (ரத்தக்குழாயில் பொருத்தும் ஊசிக்குழாய்), திரவம், ரத்தத்துக்கு ஏற்பாடு. பிறகு கெட்டமைன், அதுவும் குறைத்து, கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.கி. எச்சில் ஊறாமலிருக்க 0.2 மி.கி. கிளைக்கோபைரோலேட், விழிக்கும்போது பிதற்றல் வந்தால் 1 மி.கி. மிடசோலம். மேலே ஒரு வாசகர் "கெட்டமைனில் மூச்சு நிற்காது, ஆக்சிஜன் வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் நம்ப வேண்டாம். வேகமாக ஏற்றினால் நிற்கும், குரல்வளை இறுகவும் செய்யும், சாப்பிட்டுவிட்டு வந்தவருக்குப் புரையேறும். வாயில் சேர்வதை உறிஞ்சும் சக்‌ஷனும், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் அம்பு பேகும் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இல்லாத இடத்தில் இரண்டு மருந்தையுமே தொடக் கூடாது.