முதுகில் இருப்பது ஆக்சிஜன் அல்ல

‘1749-இல் கடலூர் அருகே மூழ்கிய நாமூர் கப்பலுக்குள், 200 அடி ஆழத்தில், ஒரே ஆக்சிஜன் சிலிண்டருடன் இரண்டு மணி நேரம் உலாவிய முக்குளிப்பாளர்!’ வாட்ஸ்அப்பில் சுற்றும் காணொளி இப்படிச் சொல்கிறது. அதில் பாய்மரங்கள்கூட நிமிர்ந்து நிற்கின்றன.

கப்பல் உண்மை. தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டைக்கு அருகே, 1749 ஏப்ரல் புயலில் அந்த ஆங்கிலேயப் போர்க்கப்பல் சிதைந்து சுமார் 520 பேர் மாண்டனர். தளபதி பாஸ்கவன் கரையில் இருந்ததால் தப்பினார்.

ஆனால் அது மரக்கப்பல். வெப்பக் கடலில் மரத்தைக் கப்பல்புழு துளைத்துத் தின்றுவிடும். 270 ஆண்டுகளாக அவை விரதம் இருந்தனவா?

சிலிண்டர் கதை இன்னும் மோசம், ஆபத்தும்கூட. பொழுதுபோக்கு முக்குளிப்பாளர் சுமப்பது பொதுவாக அழுத்திய சாதாரணக் காற்று. அதில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம்தான். தூய ஆக்சிஜனைச் சுவாசித்தபடி ஆறு மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பு வரலாம். நீருக்கடியில் வலிப்பு என்றால் பெரும்பாலும் சாவுதான்.

கணக்கும் இடிக்கிறது. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில், அதாவது கரையில் உள்ள காற்றழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கில், அடங்குவது 2,400 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 20 லிட்டர் என்றால் கரையில் இரண்டு மணி நேரம் வரும். 200 அடியில், அதாவது 60 மீட்டரில், அழுத்தம் ஏழு மடங்கு; ஒவ்வொரு மூச்சுக்கும் ஏழு மடங்கு காற்று செலவாகும். காற்று 17 நிமிடத்தில் தீரும், மேலேறும் நேரத்தைச் சேர்க்காமலே. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையே 40 மீட்டர்.