வயோமிங் சாலைகளில் வரைபடச் செயலி மட்டும் போதாது
கைபேசியில் வரைபடச் செயலி இருந்தாலே அமெரிக்க மாநிலமான வயோமிங்கின் குளிர்காலச் சாலைகளில் பாதுகாப்பாகப் போய்வரலாம் என்று ஒரு கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. லாரமி, ராலின்ஸ் ஆகிய ஊர்களுக்கு இடையே எல்க் மலையை ஒட்டி 1970இல் திறக்கப்பட்ட ஐ-80 நெடுஞ்சாலைப் பகுதியில், வானம் தெளிந்திருக்கும் நாளிலும், தரையில் கிடக்கும் பனியைக் காற்று வாரியடித்து, முன்னே போகும் லாரியின் பின்விளக்கைக்கூட மறைத்துவிடும். செயலியோ, சாலை மூடப்பட்டால், பனி அகற்றப்படாத மண்சாலைக்குத் திருப்பிவிடவும் கூடும். மாநிலப் போக்குவரத்துத் துறையின் 511 என்ற சாலைநிலைத் தகவல் சேவையையும் சாலையோரக் கேமராக்களையும் பார்க்காமல் நான் வண்டியை எடுப்பதில்லை. ஏனெனில், வழியில் பல இடங்களில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது. வெயிலடிக்கும் ஊரில் சாலையை ஏன் மூடுகிறார்கள் என்று அக்கட்டுரையின் கீழ் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: அடுத்த ஊரில் லாரிகள் நிற்க இடமில்லாமல் போகும்போது, முந்தைய ஊரிலேயே வண்டிகளை நிறுத்திவிடுவது அங்குள்ள நடைமுறை.